எழுதும் கையும் கோக்கும் கையும்

அண்மைக் காலத்தில் ஈழத்திலே வெளிவரும் தமிழ் நூல்களைத் தொடர்ந்து படித்து வருவோர் ஒரு முரண்பாட்டை அவதானித்திருப்பர். அட்டை கண்ணைப் பறிக்கிறது. தாள் வெண்மையாக இருக்கிறது. பக்கங்களின் மேலும் கீழும் பூவேலை செய்த கோடுகள் ஓடுகின்றன. ஆனால் உள்ளே நுழைந்தாலோ, ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. கவிதையின் அடி நடுவில் முறிந்து அடுத்த வரிக்கு ஓடியிருக்கிறது. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. 'இதனைப் பின்னர் ஆராய்வோம்' என்று முதலியலில் வாக்களிக்கப்பட்ட விடயம் நூல் முடியும்வரை ஆராயப்படவேயில்லை. உடை தைத்து முடிந்துவிட்டது. உடலோ இன்னும் வளர்ந்து முடியவில்லை.

காரணம் கேட்டால் எழுத்தாளன் அச்சகத்தைக் காட்டுகிறான். அச்சகம் எழுத்தாளனைக் காட்டுகிறது. இருவரும் சேர்ந்து 'அச்சுப்பேய்' என்ற பழைய நண்பனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். தனிமனிதரின் அசிரத்தையைப் பழித்துவிட்டு அமைதியடைவது விமர்சனத்தின் வேலையன்று. பலர் ஒரே காலத்தில் ஒரே வகையான பிழையைச் செய்வராயின், அதன் வேரை அவர்களது குணத்திலன்றி அவர்கள் தொழில் செய்யும் முறையிலேயே தேடுதல் வேண்டும். நூலாக்கம் ஓர் உற்பத்தி முயற்சி. அதில் எழுதுதல் ஓர் உழைப்பு. எழுதியதைப் பக்கமாகக் கோத்தல் மற்றோர் உழைப்பு. இவ்விரண்டுக்குமிடையே இருந்த உறவு கடந்த நாற்பது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. மாறிய உறவுக்கு ஏற்ற புதிய ஒழுங்கை நாம் இன்னும் உருவாக்கிக் கொள்ளவில்லை.

ஈய எழுத்துக்களால் அச்சடித்த காலத்தில் அவ்வுறவு எவ்வாறிருந்தது? அச்சுக்கோப்பாளன் எழுத்துப் பெட்டிகளின் முன் நின்று, ஆசிரியனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, இடக்கையிலுள்ள கோலிலே அடுக்கினான். கண்ணாடியில் தெரிவன போல அவ்வெழுத்துக்கள் இடம் வலம் மாறி நிற்கும். அவற்றை அப்படியே வாசிக்க அவன் பழகியிருந்தான். வரி நிரம்பியதும் இடைவெளித் துண்டுகளைச் செருகி இறுக்கினான். வரிகள் பக்கமாயின, பக்கங்கள் முடுக்கப்பட்டு யந்திரத்தில் ஏறின. அச்சடித்து முடிந்ததும் அதே எழுத்துக்களைக் கழுவிப் பிரித்து, உரிய பெட்டிகளில் மீண்டும் போட்டாற்றான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்துக் கிடைக்கும். முழு நூலையும் ஒரே தடவையிற் கோத்து வைப்பதற்குப் போதிய ஈயம் சிறிய அச்சகங்களிடம் இருந்ததில்லை.

இதன் விளைவு யாது? முதற் பதினாறு பக்கங்கள் அச்சாகி எழுத்தும் பிரிக்கப்பட்ட பின்னர், பத்தாம் பக்கத்தில் ஒரு வசனத்தை மாற்ற ஆசிரியன் விரும்பினால், அவ்விருப்பம் விருப்பமாகவே நின்றது. புறூவில் ஒரு சொல்லைக் கூட்டினாலும் அது அடுத்த வரியை இடிக்கும். அவ்வரி அதற்கடுத்ததை இடிக்கும். பந்தி முடியும்வரை கோப்பாளன் அவிழ்த்து அவிழ்த்துக் கோக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. பிரான்சிய நாவலாசிரியரான பால்சாக், புறூவையே இரண்டாவது கையெழுத்துப் பிரதியாகக் கொண்டு ஓரமெல்லாம் எழுதி நிறைத்தவர். அச்சுக்கோப்பாளர் அவருடைய தாள்களைக் கண்டு அஞ்சினர். திருத்தச் செலவு அவருடைய ஊதியத்தைத் தின்றது. 1826 முதல் 1828 வரை பாரிஸிலே சொந்தமாக அச்சகம் நடத்திக் கடனாளியாகி வெளியேறியவர் அவர். ஆகவே அச்சின் செலவை அறியாதவரல்லர். ஒரு பால்சாக்குக்கு அச்செலவு பலனளித்தது. ஏனையோர் பிரதியை முடித்துக்கொண்டே அச்சகத்தின் படியேறினர். ஈயம் கனமானது, அந்தக் கனமே ஓர் ஒழுங்கைக் கற்பித்தது. முதலில் எழுத்து, பின்னர் கோப்பு.

இவ்வொழுங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே வேறு இருவரின் கண்கள் நின்றன. ஒருவன் அச்சுக்கோப்பாளன், மற்றவன் ஒப்புநோக்குபவன். எழுத்தெழுத்தாகக் கையினாற் பொறுக்குபவனைப் போல ஒரு பிரதியை மெதுவாக வாசிப்பவர் உலகில் வேறெவரும் இலர். தொழிலாளரிடையே எழுத்தறிவு மிக்க பகுதியினராக அச்சுத் தொழிலாளர் விளங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். பிரான்சிய சமூக சிந்தனையாளரான புறூதோன் அச்சுக்கோப்பாளராகவும் ஒப்புநோக்குபவராகவும் உழைத்தவர். தமிழகத்திலே ஜெயகாந்தன் இளமையிற் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சகத்திலே தொழில் பழகியவர். இத்தகையோர் பிறருடைய வசனங்களைக் கோத்துக் கோத்தே வசனம் என்பது யாதென்று அறிந்தனர்.

இவ்வாறு கூறுவதால் ஈயக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. ஈயத் தூசி நஞ்சு. மங்கிய ஒளியிலே நாள் முழுவதும் நின்று உழைத்த கோப்பாளனின் கண்பார்வையும் சுவாசமும் அந்த அழகிய பக்கங்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையாகும். அவனுடைய பெயர் நூலிலே இடம்பெறவுமில்லை. அச்சகத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. முதலாளியின் பெயர் பொறிக்கப்பட்டது. கோத்தவனின் பெயர் ஈயத்தோடு பிரிக்கப்பட்டுப் போயிற்று. யந்திரம் மனிதனை நஞ்சிலிருந்து விடுவிக்குமாயின் அதனை வரவேற்க வேண்டியது முற்போக்காளரின் கடமை. ஆனால் யந்திரம் யாருடைய கையில், யாருடைய நலனுக்காக வருகிறது என்று கேட்பதும் அவர்களது கடமையே.

இலண்டன் மாநகரில் 1986ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவிற் கொள்வோம். ரூபேட் மேடொக் என்னும் பத்திரிகை முதலாளி தமது பத்திரிகைகளை வொப்பிங் என்ற இடத்துக்கு மாற்றினார். அங்கே பத்திரிகையாளன் தன் செய்தியைத் தானே கணினியிற் பதிய, அது கோப்பாளனின் கையைத் தீண்டாமலே பக்கமாயிற்று. வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அச்சுத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டம் 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோல்வியில் முடிந்தது. எழுதும் கையும் கோக்கும் கையும் ஒன்றாயின என்று இதனைப் புகழ்ந்தோர் பலர். ஒன்றாக்கியவன் எழுத்தாளன் அல்லன் என்பதையும், மிச்சமான கூலி யாருடைய பையிற் சேர்ந்தது என்பதையும் அவர்கள் கூறவில்லை.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கே படைப்பிலக்கிய நூல்களிற் பல, எழுத்தாளனின் சொந்தப் பணத்திலே, சில நூறு பிரதிகளாக வெளிவருகின்றன. கணினி அவனுக்கு ஒரு முதலாளியின் ஆயுதமாக வரவில்லை. சிக்கனத்தின் கருவியாகவே வந்தது. கோப்புக் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று அவன் தானே தட்டச்சு செய்கிறான்; தானே பக்கம் அமைக்கிறான்; தானே ஒப்புநோக்குகிறான்; தானே பதிப்பாளனாகிப் பிரதிகளைச் சுமந்து விற்கிறான். தானே தட்டச்சு செய்ய இயலாதவன், நகரத்துக் கடையொன்றில் பக்கக் கணக்கில் கூலி பெற்றுத் தட்டச்சு செய்யும் ஓர் இளைஞரிடமோ யுவதியிடமோ பிரதியைக் கொடுக்கிறான். அவர்களுக்கு அதனை வாசிக்க நேரமில்லை; வாசிப்பதற்குக் கூலியுமில்லை. வேலைப் பிரிவினை மனிதனைக் குறுக்குகிறது என்பது உண்மையே. ஆனால் அப்பிரிவினையை ஒழிப்பதென்பது, ஐவரின் வேலையை ஒருவனின் தலையில் ஏற்றுவதன்று. ஐவரின் வேலையை ஒருவன் ஏற்கும்போது அவற்றுள் ஒன்றிரண்டு செய்யப்படாமலே போகின்றன. முதலில் மறைவது ஒப்புநோக்கல். அடுத்து மறைவது, எழுத்தாளனின் சொந்தத் தொழிலாகிய திருத்தி எழுதல்.

இரண்டாவது மறைவே அதிகம் கவலைக்குரியது. கையெழுத்துப் பிரதி தன் குறைகளை மறைப்பதில்லை. அடித்தல்களும் திருத்தல்களும் இடைச்செருகல்களும் 'நான் இன்னும் முடியவில்லை' என்று எழுத்தாளனுக்கு ஓயாது நினைவூட்டும். கணினித் திரையிலோ முதல் வசனத்தை எழுதும்போதே அது அச்சிட்ட பக்கமாகக் காட்சி தருகிறது. இரு ஓரமும் நேராக நிற்கும் பந்தியில் பலவீனமான வாதமும் பலமுள்ளது போலத் தோன்றுகிறது. எழுதுவது கடினமாகும் வேளையில் எழுத்துருவை மாற்றுவது எளிது. கதையின் முடிவு வசப்படாத மாலைப்பொழுதில் தலைப்பின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். உழைத்ததான திருப்தியும் கிடைக்கும். நமது பல்கலைக்கழக மாணவர் ஆய்வேட்டை எழுதும் முறையைக் கண்டோர் இதனை அறிவர். பொருளடக்கப் பக்கம் பொலிவுடன் நிற்கும். முடிவுரையில் எதனை நிறுவப் போகிறோம் என்பது மட்டும் தீர்மானிக்கப்பட்டிராது. பாடசாலை மலர்களிலும் இதே நிலைமையைக் காண்கிறோம். கோப்பு இங்கே எழுத்திலிருந்து தப்பியோடும் வழியாகிவிட்டது.

அப்படியானால் எழுத்தாளன் வடிவத்தைப் பற்றிச் சிந்திக்கவே கூடாதா? உள்ளடக்கமே யாவும், வடிவம் வெறும் உடை என்பது நமது கருத்தன்று. அது அழகியல்வாதிகளின் பிழையைத் தலைகீழாக நிறுத்துவதாகும். இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். பக்கத்தில் உள்ள வடிவம் இரு வகைப்பட்டது. ஒன்று பொருளைத் தாங்கும் வடிவம்; அதை மாற்றினாற் பொருள் மாறும். மற்றது கண்ணுக்கு உதவும் வடிவம். அதை மாற்றினால் வாசிப்பு எளிதாகலாம், கடினமாகலாம், ஆனால் பொருள் மாறாது. கவிதையின் அடி எங்கே முடிகிறது, பந்தி எங்கே பிரிகிறது, மேற்கோள் எது, உபதலைப்பு எதற்கு அடங்கியது என்பன முதல் வகையைச் சார்ந்தவை. எழுத்துருவின் வகை, அளவு, ஓர இடைவெளி, பக்க எண்ணின் இடம் என்பன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. முதல் வகை எழுத்தாளனின் பொறுப்பு. அதனை எவரிடமும் ஒப்படைத்தல் முடியாது. இரண்டாம் வகை கோப்பவரின் கலை. அதனை எழுதும் வேளையில் எழுத்தாளன் தொடவேண்டிய தேவையில்லை.

இவ்வேறுபாடு நமது மரபுக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. செய்யுள்கள் அடி பிரியாது இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஒவ்வோர் எழுத்திலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடியை எங்கே பிரிப்பது என்று தீர்மானிப்பதே ஒரு பொருள்கோளாக இருந்தது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவருடைய சமய நோக்கோடும் சாதி பற்றிய நிலைப்பாட்டோடும் நமக்குள்ள வேறுபாடுகள் வெளிப்படையானவை. எனினும் பதிப்பாளர் என்ற வகையில் அவர் செய்ததை மதிக்காமல் இருத்தல் இயலாது. தமிழ் உரைநடையிலே காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளில் அவர் தலையாயவர். இக்குறிகள் அலங்காரத்துக்காக வந்தவையல்ல. மாணவன் வசனத்தைப் பிழையின்றி விளங்கிக் கொள்வதற்காக வந்தவை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் இதே பாதையிற் சென்றனர். தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் வெளிக்கொணர்ந்தபோது, பொருளைத் தாங்கும் வடிவமே அவர்களது கண்ணை நிறைத்தது. அப்பக்கங்களில் பூவேலை குறைவு, சிந்தனை அதிகம்.

மேலை நாட்டிலிருந்து மூன்று உதாரணங்களை நோக்கினால் நமது கருத்து இன்னும் தெளிவுபெறும். முதலாமவர் அமெரிக்கக் கவிஞர் வோல்ற் விற்மன். இளமையில் அச்சுத் தொழில் பயின்றவராகிய அவர், 1855ஆம் ஆண்டிலே தமது 'புல்லின் இதழ்கள்' தொகுதியை புறூக்ளின் நகரத்துச் சிறிய அச்சகமொன்றிற் பதிப்பித்தபோது சில பக்கங்களைத் தாமே கோத்தார். அவருடைய நெடிய அடிகள் முறியாது ஓடுவதற்கு அகன்ற பக்கம் தேவைப்பட்டது. அங்கே பக்கத்தின் அகலம் கவிதையின் மூச்சோடு தொடர்புடையது. கவிஞன் அச்சகத்தில் தலையிட்டது நியாயமானது. ஏனெனில் அடி என்பது பொருளைத் தாங்கும் வடிவம்.

இரண்டாமவர் ஆங்கிலக் கவிஞரும் சோசலிசவாதியுமான வில்லியம் மொறிஸ். முதலாளித்துவ உற்பத்தி நூலையும் அசிங்கப்படுத்திவிட்டது என்று கண்ட அவர், 1891ஆம் ஆண்டிற் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, மூன்று எழுத்துருக்களைத் தாமே வரைந்து, கைத்தாளிலே நூல்களை அச்சிட்டார். கைத்தொழிலின் மாண்பை நிலைநாட்டிய அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் 1896ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது சோசர் நூல் தாளில் 425 பிரதிகளே அச்சிடப்பட்டு, ஒன்று இருபது பவுண் விலையில் விற்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் பல கிழமைக் கூலி அது. தொழிலாளருக்காகவே வாழ்ந்தவரின் அழகிய நூல் தொழிலாளரின் கையை எட்டவில்லை. இதே மொறிஸ் 'எங்குமில்லாத இடத்துச் செய்தி' என்ற தமது கற்பனைச் சமுதாயக் கதையை 1890ஆம் ஆண்டிலே 'கொமன்வீல்' என்னும் சோசலிசக் கிழமைத் தாளில் எளிய அச்சிலே தொடராக எழுதினார். பின்னர் அக்கதைக்குக் கெல்ம்ஸ்கொட் பதிப்பும் வந்தது. மலிவான தாளில் வந்த தொடரிலும் அக்கதை குறைவின்றி நின்றது. கண்ணுக்குரிய வடிவம் வாசகனைத் தேடிச் செல்ல உதவ வேண்டும். வாசகனை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடலாகாது. இன்று வழவழப்பான தாளிலே தடித்த அட்டையோடு நூலை வெளியிட்டுவிட்டு, விலையைக் கண்டு மாணவன் வாங்கவில்லையே என்று வருந்தும் நம் எழுத்தாளர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாமவர் நமது காலத்தவர். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத். கணினிச் செய்நிரற் கலை பற்றிய பெருநூலின் முதல் மூன்று தொகுதிகளை 1968 முதல் 1973 வரை வெளியிட்டவர். இரண்டாந் தொகுதியின் புதிய பதிப்புக்காக 1977ஆம் ஆண்டில் அவரிடம் வந்த புறூவைக் கண்டு மனம் நொந்தார். பழைய ஈயக்கோப்பு கைவிடப்பட்டு ஒளிக்கோப்பு வந்திருந்தது. கணிதக் குறியீடுகளின் அழகும் தெளிவும் கெட்டிருந்தன. எழுதுவதை நிறுத்தி, கோப்புக்கென்றே ஒரு கணினி முறையை அமைக்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் முடியும் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. 'டெக்' என்ற அம்முறை பிறந்தது. நான்காந் தொகுதியின் முதற் பகுதியோ 2011ஆம் ஆண்டிலேதான் நூலாக வெளிவந்தது. அவ்வளவு காலமும் கோப்பினாலேயே சென்றது என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் எழுத்தாளன் கோப்பாளனாகும்போது கொடுக்க நேரும் விலைக்கு இது ஓர் அளவுகோல்.

குனூத் இவ்விலையைக் கொடுத்ததற்கு இரண்டு நியாயங்கள் உண்டு. கணிதத்திலே ஓர் எண் மேலே நிற்பதா கீழே நிற்பதா என்பது பொருளையே மாற்றும். எனவே அவர் போராடியது பொருளைத் தாங்கும் வடிவத்துக்காக. மேலும் தாம் ஆக்கியதை விற்றுப் பொருளீட்டாது உலகுக்குப் பொதுவாக வழங்கினார். இன்று எந்த ஏழை நாட்டு மாணவனும் அதனைக் காசின்றிப் பயன்படுத்தலாம். அதன்மேல் 1980களில் லெஸ்லி லம்போட் கட்டிய 'லாடெக்' என்ற அமைப்பு நாம் மேலே கூறிய வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. 'இது தலைப்பு', 'இது மேற்கோள்', 'இது தேற்றம்' என்று எழுத்தாளன் பொருளைச் சொன்னாற் போதும். அது எந்த அளவில், எந்த எழுத்தில், எவ்வளவு இடைவெளியுடன் நிற்பது என்பதை வேறாக வகுக்கப்பட்ட அமைப்பு விதிகள் கவனித்துக்கொள்ளும். ஆயினும் அதனைப் பயன்படுத்துவோரிற் பலர் எழுதுவதை விட்டு அவ்விதிகளைத் திருகுவதிலே பொழுதைக் கழிக்கின்றனர். நல்ல கருவி தானாகவே நல்ல ஒழுக்கத்தைத் தந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழிலே இப்பிரச்சினை அழகைப் பற்றியது மாத்திரமன்று. நூல் நிலைத்து வாழ்வதைப் பற்றியது. ஈழத்திற் கணினிக் கோப்பு பரவிய காலத்திற் 'பாமினி' போன்ற எழுத்துருக்களே வழக்கில் இருந்தன. அவற்றிலே திரையில் தோன்றியது தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டது தமிழன்று. 'தமிழ்' என்ற சொல்லே பாமினியில் நான்கு உரோம எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கணினியில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதைத் தொகுதி முழுவதும் பொருளற்ற குறிகளின் குவியலாகிவிடும். பொருளை விட்டுத் தோற்றத்தைச் சேமித்ததன் பலன் இது. 1991ஆம் ஆண்டில் முதற் பதிப்பு வெளிவந்த யுனிகோட் எனப்படும் ஒருங்குறியிலே தமிழெழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறுவதில்லை. பக்கமாக்கும் வசதிக்காகப் பழைய முறையிலேயே கோத்து, அதனை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பிரதியை அழித்துவிடுகிற வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் நாம். பிரதி ஒன்று அழிந்தால் என்ன அழிகிறது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீயினால் இழந்ததற்கு நாம் பொறுப்பாளிகளல்லர். எழுத்துருவினால் இழப்பதற்கு நாமே பொறுப்பாளிகள்.

எனவே எழுத்துக்கும் கோப்புக்கும் இடையே வேண்டிய சமநிலை, நேரத்தை இரண்டாகப் பகிர்வதால் வருவதன்று. அது வரிசை முறையினால் வருவது. ஈயம் தன் கனத்தினாற் கற்பித்த வரிசையை நாம் இனி அறிவினாற் கைக்கொள்ள வேண்டும். எழுதும்போது எழுத்துரு ஒன்றே போதும். அதுவும் கண்ணுக்கு இதமான எளியதொன்றாக இருக்கட்டும். பொருளைத் தாங்கும் வடிவங்களை மட்டும் ஐயத்துக்கிடமின்றிக் குறித்துச் செல்ல வேண்டும். பெயர்களையும் பிறமொழிச் சொற்களையும் எவ்வாறு எழுதுவது என்று ஒரு தாளிற் குறித்து வைத்து, இறுதிவரை அதனையே பின்பற்ற வேண்டும். பிரதி முடிந்ததென்று தோன்றியபின் அதனை இன்னொருவர் வாசிக்க வேண்டும். தான் எழுதியதில் தன் பிழையைக் காண்பது எவருக்கும் அரிது. கண் எழுதப்பட்டதை விட்டு, எழுத நினைத்ததையே வாசிக்கிறது. ஆசிரியர்கள் தம் சக ஆசிரியரின் பிரதியை வாசிக்கட்டும். மாணவர் ஒருவருக்கொருவர் ஒப்புநோக்கட்டும். அச்சகத்திலிருந்து மறைந்துவிட்ட அந்தக் கண்களை நாம் கூட்டுறவினால் மீட்க முடியும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பிறர் எழுத்தில் அக்கறை இருந்தாற் போதும்.

அதன் பின்னரே கோப்பு தொடங்கலாம். எழுத்தாளன் தானே கோப்பதில் தவறில்லை. ஆனால் அப்போது அவன் எழுத்தாளன் என்ற தொப்பியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அச்சிட்ட தோற்றத்திற் படிக்கும்போது புதிய குறைகள் கண்ணுக்குப் படுவதுண்டு; அவற்றைத் திருத்த ஒரு முறை இடமளிக்கலாம். முடிவேயில்லாது திருத்திக்கொண்டிருப்பது பால்சாக்கின் செல்வமுமன்று, பால்சாக்கின் மேதைமையுமன்று. இவற்றுக்கெல்லாம் முதல் எதிரி, வெளியீட்டு விழாவுக்கு முன்கூட்டியே குறிக்கப்படும் நாள். மண்டபமும் தலைமையுரையும் நிச்சயமாகிவிட்ட பின்னர், முடியாத பிரதி முடிந்த பக்கங்களாக மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. நூல் முடிந்தபின் விழா வரட்டும். விழாவுக்காக நூல் முடிதல் வேண்டாம்.

பிறரைக் கொண்டு கோப்பித்தால், கோத்தவரின் உழைப்புக்கு உரிய கூலியும் நூலில் உரிய இடமும் தருதல் வேண்டும். அட்டை ஓவியரின் பெயரைப் பொறிக்கிறோம். அணிந்துரை தந்த பெரியாரின் பெயரை அட்டையிலேயே இடுகிறோம். நூலின் ஒவ்வோர் எழுத்தையும் தொட்ட ஒரேயொருவரின் பெயர் மட்டும் ஏன் இல்லை? உழைப்பின் மாண்பைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் எழுதும் முற்போக்கு எழுத்தாளர், அக்கதைகளை அச்சேற்றும் உழைப்பைக் கண்ணால் காணாதிருத்தல் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள இடைவெளியாகும். பெயர் பொறிக்கப்படுவதனால் இன்னொரு நன்மையும் விளையும். தன் பெயர் நிற்கும் பக்கத்தில் முறிந்த அடியையும் பிறழ்ந்த மேற்கோளையும் விட்டுவைக்க எந்தத் தொழிலாளியும் விரும்பமாட்டார். அவர் வாசிக்கத் தொடங்குவார். ஐயம் எழுந்தால் எழுத்தாளரைக் கேட்பார். ஈயத்தோடு போய்விட்ட முதல் வாசகர் மீண்டும் பிறப்பார்.

நூல் என்பது ஒருவனின் மேதைமையிலிருந்து தனியே பிறப்பதன்று; பலரின் உழைப்பு ஒன்றுசேர்ந்த இடம் அது. யந்திரம் அவ்வுழைப்புக்களை ஒரே திரையில் ஒன்றுசேர்த்துவிட்டதனால் அவை ஒரே உழைப்பாகிவிடவில்லை. எழுதும் கைக்கு அதன் காலத்தைக் கொடுப்போம். கோக்கும் கைக்கு அதன் காலத்தையும் கௌரவத்தையும் கொடுப்போம். அப்போதே நமது நூல்கள், எடுத்துப் பார்க்க அழகாயிருப்பதோடு, இறுதிப் பக்கம்வரை படிக்கத் தகுந்தனவாகவும் அமையும்.